லூஷியஸ் மைதானத்தைக் கடந்த நாள்

லூஷியஸ் பெட்டவேக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அவருடைய டாலிவர் கல்லூரி ஃபுட்பாலில் தோற்பது வருடாவருடம் நடக்கிற கதைதான். அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அந்த அக்டோபர் சனிக்கிழமை மத்தியானமும் ஹார்கிரோவ் கல்லூரிப் பையன்கள் வந்து, துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஜெயித்த குஷியில் குதித்துக்கொண்டிருந்தார்கள். லூஷியஸ் ஸ்கோர் பலகைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் பேண்டு மாஸ்டர். அவருடைய ஆட்டம் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

மிசிசிப்பியில் எங்கள் கறுப்பினக் கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால் அதன் நான்கு பகுதிகளோடு முடிந்துவிடாது. ஆட்டக்காரர்கள் குளிக்கப் போனதும் ஐந்தாம் பகுதி ஆரம்பமாகும். எதிரெதிர் கேலரிகளில் இருக்கிற இரண்டு பேண்டுகளும் நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறிமாறி வாசிக்கும். நடுவர் கிடையாது, மார்க் கிடையாது. யார் பக்கத்தில் சரக்கு தீர்ந்துபோகிறதோ, அந்தப் பக்கத்து மாஸ்டர் மைதானத்தைக் குறுக்கே நடந்துபோய் எதிராளிக்குக் கைகொடுக்க வேண்டும். தோல்வி என்றால் அதுதான். அந்த நேரத்தில் வேறு எதற்காகவும் யாரும் அந்தப் புல்லில் கால் வைப்பதில்லை. லூஷியஸ் மாஸ்டராக வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. அதைச் சொல்லிக்காட்ட அவர் ஒரு சந்தர்ப்பத்தையும் விட்டதில்லை.

எதிர்ப் பக்கத்து மாஸ்டர் அமோஸ் ட்ரிப்லெட். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று டிரம்பெட் ஊதியவர்கள். தான் அமைத்த இசையை அமோஸ் திருடிக்கொண்டு போய்விட்டான் என்பது லூஷியஸின் குற்றச்சாட்டு. திருடியவனே அவன்தான் என்பது அமோஸின் கட்சி. நேருக்கு நேர் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சொன்னவர் பாடு திண்டாட்டம்தான்.

லூஷியஸின் மனைவி வெர்னீஸ் இந்தக் கூத்து எதையும் பார்க்க உள்ளே வருவதே இல்லை. தெற்கு வாசலுக்கு வெளியே, கார்கள் நிற்கிற திடலில், தங்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் அடுப்பை மூட்டிக் காலையிலிருந்து கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் தட்டு நீட்டுவாள். "பேண்டு சத்தம் வீட்டுல கேக்கறது பத்தாதாக்கும்?" என்பாள்.

ஐந்தாம் பகுதி நன்றாகச் சூடுபிடித்திருந்தது. ஹார்கிரோவ் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, டிரம் வரிசையில் நாலைந்து அடி தாளம் தப்பி விழுந்தது லூஷியஸின் காதில் பட்டது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, அமோஸ் பசங்க கோட்டை விட்டுட்டானுங்க!" என்று பக்கத்தில் டியூபா ஊதுகிற பெண்ணிடம் சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காவலாளி ராஸ்கோ படியேறி வந்து அவர் காதருகே குனிந்தான். ராஸ்கோ ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். அவன் கிசுகிசுத்து லூஷியஸ் கேட்டதில்லை.

"ப்ரொஃப், வெளிய சுட்டுட்டாங்க."

"என்னத்தச் சுட்டாங்க?"

"துப்பாக்கி, ப்ரொஃப். தெற்குத் திடல்ல. ஏதோ பசங்களுக்குள்ள தகராறு. சுட்டவன் இன்னும் கார்களுக்கு நடுவுலதான் இருக்கான். போலீஸ் தேடறாங்க. அவங்க சொல்றவரைக்கும் ஒரு ஆளையும் வெளிய விடக்கூடாதுங்கறாங்க."

தாளம் தப்பிய அந்த அடிகள் டிரம்மிலிருந்து வந்தவை அல்ல என்பது அப்போதுதான் லூஷியஸுக்கு உறைத்தது. அதற்கா சிரித்தோம்!

"மைக்ல சொல்லிட வேண்டியதுதானே?"

"என்ன ப்ரொஃப் நீங்க! போன வருஷம் எவனோ பட்டாசு வெடிச்சதுக்கே படியில விழுந்து எத்தனை பேருக்குக் கை கால் முறிஞ்சுது? துப்பாக்கின்னு சொன்னா எல்லாம் கிடைச்ச வாசல்ல பாயும். பாதி ஜனத்துக்குப் பக்கத்து வாசல் தெற்குதான். நேரா அவன் முன்னாடி போய் நிப்பாங்க. நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்க. பேண்டு நிக்காம எவனும் எழுந்திரிக்கமாட்டான்."

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"சிலருக்குப் பட்டிருக்கு. யாருக்குன்னு தெரியல."

"வெர்னீஸ் அங்கதான் இருக்கா, ராஸ்கோ."

"தெரியும் ப்ரொஃப். காலையில அவங்க கையாலதான் சாப்பிட்டேன்," என்றான் அவன்.

லூஷியஸ் போனை எடுத்துப் பார்த்தார். இந்த மாதிரிக் கூட்டம் கூடுகிற நாளில் அந்த மைதானத்தில் போன் செத்துவிடும். ஊருக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் மூன்று தடவை அழுத்தினார். எதிர் கேலரியைப் பார்த்தால் அங்கே வேறு வினை. வாசித்து முடித்த ஹார்கிரோவ் பிள்ளைகள் எச்சிலைத் துடைத்து வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டத்திலும் ஜெயித்தாயிற்று, பஸ் காத்திருக்கிறது, அமோஸ் கடையைக் கட்டுகிறார். அவர்கள் எழுந்தால் அந்தப் பக்கத்து ஜனம் முழுக்க எழுந்துவிடும். அவர்களுடைய பஸ் நிற்பது தெற்குத் திடலில்.

கைகாட்டிக் கூப்பிட்டால் அமோஸ் வருகிற ஆளா? ஆள் அனுப்பினால் இது என்ன புதுத் தந்திரம் என்று கேட்பார். லூஷியஸ் தன் பேண்டுக்கு இருக்கிறதிலேயே நீளமான பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, புல்லில் கால் வைத்தார்.

 கேலரிகள் இரண்டிலும் எழுந்த ஆரவாரத்தில் வானம் பிளந்திருக்க வேண்டும்.

"ஐயோ, பெட்டவே நடக்கறாருடா!"

"தாத்தா, மெதுவா! புல்லு வழுக்கும்!"

"ப்ரொஃப், திரும்பி வாங்க! நம்மகிட்ட இன்னும் பாட்டு இருக்கு!" என்று அவர் பக்கத்துப் பெண்ணொருத்தி தொண்டை கிழியக் கத்தினாள். போன்கள் எல்லாம் உயர்ந்தன. அவமானத்தில் அவருடைய காது எரிந்தது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மனைவி உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத அந்த நிலையிலும் அந்தக் கிண்டல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

அமோஸ் கீழே இறங்கிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பல்லெல்லாம் தெரிந்தது.

"வாப்பா, வா! இந்த நாளைப் பாக்கத்தான் இந்த முட்டி வலியோட உயிரை வச்சிட்டிருக்கேன். யாராவது போட்டோ எடுங்கடா! பெரிசா ஃப்ரேம் போட்டுக் கூடத்துல மாட்டணும்!"

லூஷியஸ் கைகொடுத்து, அந்தக் கையை இழுத்து அணைத்துக்கொள்வதுபோலக் காதில் விஷயத்தைச் சொன்னார். அமோஸின் கை இறுகியது. ஆனால் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆயிரம் கண் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். பல்லைக் காட்டியபடியே கேட்டார்.

"வெர்னீஸ் எங்க?"

"அங்கதான்."

"அப்ப இங்க என்ன பண்ற? போ. ரெண்டு பேண்டையும் நான் பாத்துக்கறேன்."

"அவளைப் பத்தி உனக்கு என்ன..."

"வருஷா வருஷம் எங்க பஸ்ஸுக்கு மீன் குடுத்து அனுப்பற மகராசிய்யா அவ. உங்கிட்ட சொன்னதில்லையா? சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா! போய்த் தொலை!" என்று முதுகில் ஓர் அடி கொடுத்துவிட்டு, அமோஸ் தன் பிள்ளைகளைப் பார்த்து, "பெட்டியத் திறங்கடா! பெட்டவே பேண்டு முடிக்கறதுக்குள்ள நாம ஆரம்பிக்கணும். நடுவுல மூச்சுவிட எடம் இருக்கக்கூடாது!" என்று கத்தினார்.

லூஷியஸ் தெற்கு வாசலை நோக்கி ஓடினார். வாசலுக்குப் போகும் பாதையின் நிழலை அவர் மிதித்ததுதான் தாமதம், பின்னால் சத்தம் தேய ஆரம்பித்தது. அவருடைய பேண்டு பார்த்துக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டு வாத்தியார் அழுதுகொண்டு போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் டிரம்பெட் நின்றது, அப்புறம் டிராம்போன், கடைசியில் டிரம்மும் படுத்துவிட்டது. ஹார்கிரோவ் பக்கம் இன்னும் வாத்தியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து முடிக்கவில்லை. மைதானத்தில் சத்தமே இல்லை.

லூஷியஸ் திரும்பிப் பார்த்தார். டாலிவர் கேலரி எழுந்து நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கைப்பையைத் தோளில் மாட்டினார்கள். ஓர் அப்பன் தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டான். முதல் வரிசைக்காரர்கள் தெற்கு வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கம் வெர்னீஸ். அந்தப் பக்கம் இத்தனை பேர். அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. அப்புறம் திரும்பினார். அவளைக் கைவிட்டுவிட்டுப் போகிறேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் திரும்பினார். பெரிய வீரம் எல்லாம் இல்லை. கண்ணீர் மூக்கிலேறி இருமினார்.

கேலரிப் படியேறிக் கையைத் தூக்கியதும் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.  வாத்தியங்கள் வாய்க்குப் போயின. இறங்கியவர்கள் படியிலேயே நின்று, சரி, கிழவர் மனசு மாறிவிட்டார், போட்டி முடியவில்லை என்று சிரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது மாதிரி ஓர் ஐந்தாம் பகுதியை அந்த ஊர் கேட்டதில்லை. இவர்கள் முடிக்கிற சுரத்திலேயே அவர்கள் பிடித்தார்கள். அவர்கள் விடுகிற இடத்தில் இவர்கள். சரக்கெல்லாம் தீர்ந்துபோன கட்டத்தில் அமோஸ் ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சபையிலும் பாடுகிற பழைய துதிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு, லூஷியஸைப் பார்த்து, நீயும் வா என்று கையை வீசினார். இரண்டு பேண்டும் ஒரே பாட்டை ஒன்றாக வாசிப்பதென்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத சங்கதி. லூஷியஸ் சேர்ந்துகொண்டார். சாவகாசமாகப் போக வேண்டிய பாட்டு, அவருடைய கையில் ஓட்டம் எடுத்தது. எதிர்ப் பக்கத்தில் அமோஸ் மூச்சு வாங்கத் துரத்திக்கொண்டு வந்தார். ஜனங்கள் எழுந்து நின்று பாடினார்கள். எதிரிகள் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துச் சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்காகப் பாடுகிறோம் என்று தெரியாமலேயே அத்தனை பேரும் தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு நாலாவது சுற்றில் இருக்கும்போது ராஸ்கோ வாசலில் நின்று இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினான். ஆளைப் பிடித்துவிட்டார்கள். வடக்கு வாசல் வழியாக மெதுவாகப் போகும்படி மைக்கில் சொன்னார்கள். லூஷியஸ் அதைக் கேட்க அங்கே இல்லை.

திடலில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. போலீஸ் மஞ்சள் நாடா கட்டிக்கொண்டிருந்தது. பிக்கப் வண்டியின் பின் பலகையில் வெர்னீஸ் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை ரத்தம். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னோடது இல்ல," என்றாள் அவள் அவசரமாக. "ஹோசியாவோடது. பக்கத்து அடுப்பு ஹோசியா. தொடையில பட்டுச்சு. ஏப்ரனை அவுத்து இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க, ஏத்தும்போதே, 'அடுப்புல என் ரிப்ஸ் கறி கருகுது, யாராவது திருப்பிப் போடுங்க'ன்னு கத்திட்டுப் போறான். பொழச்சுக்குவான்."

பிழைத்துக்கொண்டான். குண்டு பட்ட மற்ற இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் இன்றைக்கும் கை முழுசாக மடங்குவதில்லை. அதையும் சேர்த்துத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

லூஷியஸ் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  வாயில் முதலில் வந்தது மன்னிப்புதான்.

"வாசல் வரைக்கும் வந்தேன், வெர்னீஸ். திரும்பிட்டேன். உன்னை விட்டுட்டுத் திரும்பிட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாட்டு நடுவுல நின்னுச்சே. அப்ப நான் இந்த வண்டிக்கடியில ஹோசியா காலை அமுக்கிட்டுப் படுத்திருக்கேன். எங்களுக்கும் அந்த வாசலுக்கும் நடுவுல அவன் நிக்கறான், துப்பாக்கியோட. அவன் ஷூ தெரியுது எனக்கு. பாட்டு நின்னதும் குலை நடுங்கிப்போச்சு. இந்தாளு ஓடிவரப் போறாரு, நேரா அவன் முன்னாடி வந்து நிக்கப் போறாரு. ஆண்டவரே, அவரை உள்ளயே வைச்சுக்கோன்னு கதறினேன், சத்தம் வராம. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது."

"அது அமோஸாக்கூட இருந்திருக்கலாமே?"

"துதிப் பாட்டை அந்த ஓட்டம் ஓட்டறதுக்கு உலகத்துல வேற ஆள் இருக்கா? பயந்தா உனக்குக் கை நிக்காது, லூஷியஸ். நம்ம பொண்ணுக்கு ஆபரேஷன் நடந்த ஞாயித்துக்கிழமையும் சபையில இப்படித்தான் விரட்டின, பாடகர் குழுவுல பாதிப் பேருக்கு மூச்சே நின்னுபோச்சு. அந்த வேகத்தைக் கேட்டதும் புரிஞ்சுக்கிட்டேன். உனக்கு விஷயம் தெரியும். தெரிஞ்சும் நீ உள்ளதான் இருக்கே, உயிரோட இருக்கே. அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல. நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரேன்னு உன் தாளத்துக்கே சொல்லிட்டுக் கெடந்தேன்."

லூஷியஸ் அவள் தோளில் சாய்ந்து, திடலில் எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவள் ரத்தக் கையை அவர் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் அவரை அணைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் பாட்டை விட்டுட்டு வந்திருந்தா," என்றாள், "நான் செத்தே போயிருப்பேன்."