போர்வைக்குள் குழந்தை

பழவேற்காட்டை அடுத்த தோணிரேவில் ஏரியைப் பார்த்தாற்போல இருக்கும் தங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தார்கள் ஹேமாவதியும் அவள் புருஷன் ஜெகதீஸ்வரனும். அவன் கடலுக்குப் போகிறவன். அறைகளைப் பார்த்துக்கொள்வது, சமைத்துப் போடுவது, போனில் பேசி ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் அவள்தான். யார் போன் செய்தாலும் ஒரு கேள்வியை அவள் கேட்காமல் விடுவதில்லை.

"நாயி, பூனை எதனா கூட இட்டாறீங்களா? அதுக்கு நம்ம கிட்ட எடமில்லீங்க."

வாசல் கதவிலும் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தாள். ஏன் இவ்வளவு கறார் என்று சிலர் கேட்டதுண்டு. சிரித்து மழுப்பிவிடுவாள்.

சென்னையிலிருந்து பேசிய அனிதாவிடமும் கேட்டாள். "அதெல்லாம் இல்லைக்கா. நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான்" என்றாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றது. அனிதாவின் புருஷன் உதயகுமார், போர்வையில் சுற்றிய எதையோ தோளில் சாய்த்தபடி இறங்கினான். கனமாக, தொங்கலாக இருந்தது.

"கொழந்தையா சார்?" என்றாள் ஹேமாவதி, கிட்டே போய்.

அவன் சட்டென்று ஒரு அடி பின்வாங்கினான். பெண்டாட்டியைப் பார்த்தான். அனிதாதான் பதில் சொன்னாள். "ஆமாக்கா. தூங்குது. மருந்து குடுத்திருக்கோம், எழுப்ப வேணாம்."

இரண்டு பேர் என்றார்களே என்று ஒரு நொடி தோன்றியது. குழந்தையைத் தலைக்கணக்கில் சேர்க்காமல் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காய்ச்சல் பிள்ளைக்கு ஆகுமே என்று கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதில் உப்பு வேண்டாம் என்று அனிதா சொல்லியனுப்பியதுதான் கொஞ்சம் புதுசாக இருந்தது.

காலையில் பஞ்சு மாதிரி இட்லி ஊற்றிக் குட்டித் தட்டில் எடுத்துப் போனாள். அனிதா கதவை ஒருச்சாய்த்துத் திறந்து, உடம்பால் வழியை மறைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"பெருக்கிட்டுப் போயிடறேம்மா."

"வேணாம்க்கா. இப்பதான் மறுபடி தூங்க வெச்சேன்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே டிவியின் சத்தம் திடீரென்று ஏறியது. தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இப்படியா டிவி வைப்பார்கள்?

அதற்குப் பிறகு ஹேமாவதிக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. வெளியே விட்டிருந்த செருப்புகளில் குழந்தைச் செருப்பு இல்லை. கொடியில் இரண்டு துண்டுகள் மட்டும் காய்ந்தன. பிள்ளை என்றால் ஒரு அழுகை, ஒரு சிணுங்கல், ஒரு 'அம்மா' கேட்க வேண்டாமா? அது ஆணா பெண்ணா என்றுகூட அவர்கள் இன்னும் சொல்லவில்லை. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம் என்று சொன்ன வார்த்தை இப்போது வேறு மாதிரி ஒலித்தது. யாருடைய பிள்ளை அது?

பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் சொல்லலாமா என்று வாசல்வரை போனாள். அப்புறம் நின்றாள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி வெளியூர் ஆட்களைக் கட்டிவைத்து அடிக்கிற காலம் இது. 'பிள்ளை' என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து விழுந்தால் போதும், ஊர் கூடிவிடும். கூடிய ஊரை யாரும் கலைக்க முடியாது. தன் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று திரும்பி வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உதயகுமார் மட்டும் காரை எடுத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போனான். மருந்துக்கடைக்காம். ஜெகதீஸ்வரன் விடிவதற்கு முன்னே கடலுக்குப் போனவன், இன்னும் கரை வரவில்லை. ஹேமாவதி மெதுவாகப் போய் அந்த அறைக் கதவில் காதை வைத்தாள். டிவிக்கு அடியில், மெல்லியதாக, மூக்கால் அழுகிற மாதிரி ஒரு முனகல். விட்டுவிட்டு வந்தது. அதோடு கதவின் அடிப்பக்கத்தை எதுவோ பிராண்டியது.

"அனிதாம்மா!" என்று தட்டினாள். பதில் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். முனகல் பெரிதானது. தாழ்ப்பாள் போடாமல் பூட்டு மட்டும் போட்டிருந்தால் திறந்துவிடலாம். இடுப்பிலிருந்த மாற்றுச் சாவியை நுழைத்துத் திருப்பினாள். கதவு திறந்துகொண்டது.

பழுப்பு நிறத்தில் எதுவோ அவள்மேல் பாய்ந்தது.

அலறியபடி சுவரில் சாய்ந்தாள். கெண்டைக்காலில் சுரீரென்றது. நாய் அவள் காலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மீன் காயப்போட்டிருந்த பாயைக் கலைத்துக்கொண்டு ஏரியை நோக்கி ஓடியது. தெருநாய்கள் இரண்டு குரைத்தபடி துரத்தின. அது நிற்காமல் தண்ணீரில் குதித்துவிட்டது.

ஹேமாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலைப் பார்த்தாள். நகம் கிழித்த கோடு, அதன் நீளத்துக்கும் ரத்தம் முத்து முத்தாக எட்டிப் பார்த்தது.

"முந்திரி! முந்திரி!" ஈரத் தலையோடு அனிதா அவளைத் தாண்டி ஓடினாள்.

கரைக்குப் போய்ப் பார்த்தபோது, நாயின் தலை தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. அனிதா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அந்த இடத்தில் சேறு காலை உள்ளே இழுக்கும். ஊர்க்காரர்களே இறங்க மாட்டார்கள்.

"ஏம்மா, வெளிய வா! உள்ள போவாத! நீச்சல் தெரியுமா உனுக்கு?"

"தெரியாதுக்கா!" என்று திரும்பிக் கத்தினாள் அனிதா. கத்திக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள், நெஞ்சுவரை அமிழ்ந்தாள்.

கரையில் வலை பின்னுகிற கிழவர் ஒருவரைத் தவிர ஆண்கள் யாரும் இல்லை. பெண்கள் எல்லோரும் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க அக்கரைப் பக்கம் போயிருந்தார்கள். ஹேமாவதி யோசிக்கவில்லை. கட்டியிருந்த சின்னப் படகை அவிழ்த்து, கழியை ஊன்றித் தள்ளினாள். நாய்க்காக அல்ல. தன் வீட்டுக்கு வந்த பெண் தன் கண்ணெதிரே சேற்றில் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

அனிதாவின் அக்குளில் கை கொடுத்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். உடனே கரைக்குத் திருப்பப் பார்த்தாள்.

"அக்கா, அதோ! வலையில மாட்டிக்கிச்சு. உங்க கால்ல விழறேன், அக்கா!"

குச்சிகள் நட்டுக் கட்டியிருந்த வலையில் முன்னங்கால்கள் சிக்கி, நாய் மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அந்த மூக்கு முங்கி எழுந்தது.

ஹேமாவதி வாய்க்குள் யாரையோ திட்டினாள். படகை அந்தப் பக்கம் விட்டாள். படகில் கிடந்த மீன் அறுக்கிற கத்தியை அனிதாவிடம் எறிந்தாள். "நான் கிட்ட வரமாட்டேன். நீயே அறு. வலை போனாப் போவுது."

அனிதா குப்புறப் படுத்து, வலையை அறுத்து, நாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் சரித்தாள். ஹேமாவதி படகின் மறுமுனைக்கு நகர்ந்தாள். இதற்கு மேல் நகர்ந்தால் தண்ணீர்தான். நாய் இருமியது, தண்ணீரைக் கக்கியது, உடம்பை உதறியது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கால்கள் நான்கும் விறைத்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தன. பற்கள் கிட்டித்து, வாயோரம் நுரை பொங்கியது.

நுரை.

ஹேமாவதியின் கையிலிருந்த கழி படகின் விளிம்பில் டொக்கென்று இடித்தது. அவளுடைய தங்கை ராஜாத்தியின் வாயில் அந்த நுரையை அவள் பார்த்திருக்கிறாள். தெருநாய் கடித்ததைச் சின்னக் கடிதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்கள் வீட்டில். பிறகு ஒருநாள் தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் அந்தப் பெண் அலறினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை காலைக் கட்டிப்போட்டார்கள். 'அக்கா, தண்ணி' என்று கேட்பாள், கொண்டுபோனால் கத்துவாள். அவ்வளவுதான், அவளைப் பிணமாகத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள்.

இப்போது கெண்டைக்காலில் அந்தக் கோடு எரிந்தது.

"வெறிநாயி! தூக்கித் தண்ணில போடு!" அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ கத்துவது போல இருந்தது. "போடுறியா, நான் தள்ளட்டுமா?" கழியை ஓங்கிவிட்டாள்.

அனிதா நாய்மேல் கவிழ்ந்துகொண்டாள். "வெறி இல்லக்கா! வலிப்பு. ஃபிட்ஸ். ஒரு வருஷமா இதுக்கு இருக்கு. வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கணும், அதனாலதான் எங்கயும் விட்டுட்டு வர முடியல. ஊசியெல்லாம் போட்டிருக்கு, சத்தியமா!"

"உன் சத்தியத்த நான் எப்டி நம்பறது? கொழந்தைனு சொன்னவதான நீ! நேத்து ராத்திரி அதுக்குக் கஞ்சி காச்சிக் குடுத்தேனே, அப்பகூடச் சொல்லலியே நீ!"

அனிதா நாயின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். நுரை அவள் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது. அவள் துடைக்கவில்லை. அதன் காதோரம் குனிந்து, "ஒண்ணுமில்லடா, முடிஞ்சிடும், முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஹேமாவதி அந்தக் கையையே பார்த்தாள். அனிதாவின் விரல்களிலும் வலை அறுத்த வெட்டுகள் இருந்தன. பச்சை ரத்தம் கசிகிற கையில் அந்த எச்சிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொய் சொல்லுகிறவள் வாயால் எதையும் சொல்லலாம், கையால் இதைச் செய்ய முடியுமா? இல்லை, நாய்மேல் பித்துப் பிடித்தவளாக இருந்தால்? அவளுக்குத் தெரியவில்லை. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

படகு சும்மா இருக்கவில்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் இழுவை ஆரம்பித்துவிட்டது. வலைக் குச்சிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் நின்ற முனையில் கழி தரையைத் தொடவில்லை. படகைத் திருப்ப வேண்டுமென்றால் மறுமுனைக்குப் போய்த்தான் ஊன்ற வேண்டும். போக வேண்டுமென்றால் நாயைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அதோட மூஞ்சிய அந்தாண்ட திருப்பிப் பிடி" என்றாள்.

அனிதா தன் முந்தானையால் நாயின் முகத்தை மூடி, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். ஹேமாவதி புடவையை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அந்த உடம்புக்கு அந்தப் பக்கம் வைத்தாள். ஈர மயிர் அவள் பாதத்தில் உரசியது. தொண்டையிலிருந்து ஏறி வந்த சத்தத்தைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். மறுகாலையும் எடுத்து வைத்தாள். பிறகு கழி தரையைத் தொட்டது. கண்ணைக் கரையிலேயே நட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தள்ளினாள்.

கரை வந்தபோது இழுப்பு நின்று நாய் அயர்ந்து கிடந்தது. உதயகுமார் மாத்திரைப் பையோடு ஓடி வந்தான். ஹேமாவதி இறங்கிய கையோடு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். குழாயடியில் உட்கார்ந்து, காயத்தில் சோப்பைப் போட்டுப் போட்டு நெடுநேரம் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

"அதுக்கு ஊசி போட்ட விவரம் போன்ல இருக்குங்க, பாருங்க" என்று உதயகுமார் நீட்டினான்.

"அத டாக்டராண்ட காட்டிக்கலாம். நீங்க நாயோட இங்கியே இருங்க. நீ வாம்மா என்கூட."

பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் ரத்தம் வந்த காயம் என்பதால் இவளும் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்றார். நாயைப் பத்து நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நன்றாக இருந்தால் பயமில்லை.

ஊசி போடும்போது அனிதா அவள் கையைப் பிடிக்க வந்தாள். ஹேமாவதி கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கையில்தான் ராஜாத்தியைப் பற்றிச் சொன்னாள். சின்னச் சின்ன வாக்கியங்களாக, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அனிதா கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. எடுக்காதது நல்லதாகப் போயிற்று, எடுத்திருந்தால் ஹேமாவதிக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

"இன்னிக்கே கெளம்பிடுங்க" என்றாள் ஹேமாவதி. "போனப்புறம் தெனமும் அத எனக்குக் காட்டணும். போட்டோ வேணாம், போட்டோ எப்ப எடுத்ததுனு யாருக்குத் தெரியும்? வீடியோ கால்ல காட்டு. அது தண்ணி குடிக்கிறத நான் பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. ஹேமாவதி போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாய் சளப் சளப்பென்று தண்ணீர் குடித்தது. "சரி" என்று வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அனிதா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பான்.

ஒருநாள் சாயங்காலம் போன் வரவில்லை. ஹேமாவதி குழம்பைத் தீயவிட்டாள். இவளே கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தாள், தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கியது. பாதி மார்பில் கொட்டியது. "ஏய், ஊசிதான் போட்டுகினியே" என்றான் ஜெகதீஸ்வரன். அவன் முகமும் சரியாக இல்லை.

இருட்டுகிற நேரத்தில் திரை ஒளிர்ந்தது. அனிதாவின் கண்கள் வீங்கியிருந்தன. பின்னால் வெள்ளைச் சுவர், இரும்பு மேசை.

"திரும்ப ஃபிட்ஸ் வந்துடுச்சுக்கா. டாக்டர் கிட்ட இருக்கோம். உங்களுக்குச் சொல்லாம மறைக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. மறைக்கல. இதோ, டாக்டர் கிட்டயே கேளுங்க."

கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, இது பழைய வலிப்புதான், மாத்திரை அளவை ஏற்றியிருக்கிறேன், வெறி நோய் அறிகுறி ஒன்றும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். பிறகு ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்தார்கள். நாய் தள்ளாடி எழுந்து தண்ணீரை நக்கியது. ஹேமாவதி அது கிண்ணத்தைக் காலி பண்ணும்வரை பார்த்தாள்.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடம் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல்தடவை.

பத்து நாளில் கடைசி நாளன்று அனிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நாங்க இன்னொரு தடவை வரலாமா? என் நாத்தனார் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. முந்திரிய அவங்க கிட்ட விட்டுட்டுத்தான் வருவோம்."

கெண்டைக்காலில் காயம் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. அதை ஹேமாவதி விரலால் தடவிப் பார்த்தாள்.

"வாங்க. கார் கதவ நான்தான் தொறந்து பாப்பேன். டிக்கியையும் பாப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"பாருங்கக்கா" என்றாள் அனிதா.