அக்கரையில் விட்ட கடுவன்

என் மனைவி ஜுபைதா தொழுகிற மூலை மறுபடியும் நனைந்திருந்தது. முழங்கால் உயரத்திலிருந்து சுவரில் கோடு கோடாக வழிந்து, சுருட்டி வைத்த தொழுகைப் பாயான முசல்லா வரைக்கும் இறங்கியிருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. பூனை வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யலாம். அதன் மூத்திரம் பட்ட இடத்தில் தொழ முடியாது.

சீனி பீரோ மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. மகள் முஃபீதா கல்யாணமாகிப் போன பிறகு, பகல் முழுக்க ஜுபைதாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பது இந்த வெள்ளைக் கடுவன் பூனைதான். இதுவரை வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. இந்த அறுவடைக்குப் பிறகுதான் வாலைத் தூக்கி, நடுங்க நடுங்கச் சுவரில் பீய்ச்சுகிறது. பினாயில் ஊற்றியாயிற்று. எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. ஜுபைதா பக்கத்து வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தாள். அங்கே என்ன கேட்டார்களோ, வந்ததும் பாத்திரங்களை நங்கென்று வைத்தாள்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். முதுகில் மூட்டை ஏறும்போதும் நினைப்பு அந்த மூலையிலேயே நின்றது. கூடத் தூக்குகிற பெருமாள்ராஜிடம் சொன்னேன். மாட்டு ஆஸ்பத்திரியில் விதை எடுத்துவிட்டால் அடங்கும் என்றான். அதை ஜுபைதாவிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். வாயில்லாச் சீவனை அறுப்பதா என்று ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப பாலத்தத் தாண்டி விட்டுரும். ஆத்துத் தண்ணி மணத்த அறுத்துரும், பூனைக்குத் திரும்ப வழி தெரியாதுவே" என்றான். பிறகு, அறுவடை நெல் வந்ததும் எலிக்காக முதலாளி அண்ணாச்சி புதிதாகக் கொண்டுவந்த கடுவனைக் காட்டினான். அது எங்கள் சாக்குகளின் மேல் மல்லாந்து கிடந்தது. "அண்ணாச்சி பூனையப் பாரும். என்ன அடக்கம்."

ஞாயிற்றுக்கிழமை சீனியைக் கட்டைப்பையில் போட்டேன். ஜுபைதா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு மீன்கடைக்குப் பின்னால் திறந்து விட்டேன். வந்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் அதே வாடை அடித்தது. சுவர் காய்ந்துதான் இருந்தது. ஜுபைதா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், கதவிடுக்கில் மோந்தாள். கடைசியாக ஆணியில் தொங்கிய என் கொங்காணியிடம் வந்து நின்றாள்.

சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்வோமே, அதுதான் கொங்காணி. தோளுக்குப் பழகியதை யாரும் ஆலையில் விட்டுவர மாட்டோம், அடுத்தவன் எடுத்துவிடுவான். வேலை விட்டு வந்து முசல்லாவுக்குப் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவேன்.

அவள் அதை ஒரு விரலால் தூக்கினாள்.

"இங்கன மோந்து பாருங்க. இது வேற கடுவன். அன்னியக் கடுவன் வாடைய தெனமும் நீங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து மாட்டுதீங்க. அது தன் வீட்டக் காப்பாத்தப் பாத்திருக்கு."

எனக்கு அண்ணாச்சி பூனை மல்லாந்து கிடந்தது கண்ணில் வந்தது. குளிக்கக்கூட நிற்கவில்லை. இருவரும் ஓடிப்போய் பஸ் ஏறினோம்.

மீன்கடை மூடும் நேரம். கடைக்காரர் ஒரு வெள்ளைப் பூனையைக் காலையில் நாய் விரட்டியதாகச் சொன்னார். சாக்கடையோரம், லாரிக்கு அடியில், வாழைத்தாருக்குப் பின்னால் என்று தேடினோம். நான் கூப்பிடக் கூப்பிட ஒன்றும் அசையவில்லை. ஜுபைதா கூப்பிட்டதும் பெட்டிக்கடைக் கூரையில் ஒரு தலை தெரிந்தது. காதில் ரத்தம் காய்ந்திருந்தது. பாதி இறங்கியது. என் பக்கம் மூக்கை நீட்டியது. முதுகு மயிர் சிலிர்த்து மறுபடியும் மேலே ஏறிவிட்டது.

"நீங்க அங்கன தள்ளி நில்லுங்க" என்றாள்.

பாலத்து முனைவரை போய் நின்றேன். காற்று ஆற்றுப் பக்கம் அடித்தது. சட்டையைக் கழற்றிச் சுருட்டினேன். சுருட்டியும் வாடை போகவில்லை. அங்கிருந்து பார்க்க, அவள் தரையில் உட்கார்ந்து மடியை விரித்திருந்தாள். எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அது மடியில் குதித்தது.

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்படியிலேயே நின்றேன். வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"குளிச்சிட்டு உள்ள வாங்க. அந்தச் சாக்கு இனி வேப்ப மரத்துலதான் தொங்கும். சீனிய மாட்டு ஆஸ்பத்திரிக்கு எப்பக் கொண்டு போவணும்னு பெருமாள்ராஜ் அண்ணன்ட்ட கேளுங்க. அறுத்தாலும் பரவால்ல, இனி இதத் தொலைக்க மாட்டேன்."

உள்ளே சீனி சுண்ணாம்புச் சுவரை மூலைக்கு மூலை மோந்துகொண்டு நடந்தது. வாசலில் நின்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியபடி நான் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.