கடல்மிதித்தானுக்கு ஏது வீடு?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1953-ஆம் வருஷம். நம் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. நான் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதும் குமாஸ்தா. பெயர் அம்பலவாணன். ஒரு நாள் என் நண்பன் கமாலுதீன் மேஜைமேல் ஒரு வர்ணப் படப் புத்தகத்தைப் போட்டான். சைகோனிலிருந்து யாரோ கொண்டுவந்தது. அதில் ஒருவன் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டுக்கொண்டு, ஒரு பாலத்தை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா அம்பலம்? இப்புடி ஒருத்தன நம்மளால எழுத முடியுமா?"

"ஏன் முடியாது? நம்ம ஆளு ஜட்டிய உள்ளயே போட்டுக்கிட்டு இதவிடப் பெருசாத் தூக்குவான்" என்றேன்.

நானும் கமாலுதீனும் 'அரசலாறு' என்று ஒரு கையெழுத்து மாத இதழ் நடத்திவந்தோம். எழுதுவது நான். முத்து முத்தாகப் பிரதி எடுப்பது அவன். ஒரே ஒரு பிரதி, முறைவைத்து இருபத்திரண்டு வீடுகளுக்குப் போகும். அச்சில் வராதவன் எழுத்தாளனா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: என் எழுத்தை இருபத்திரண்டு வீடுகள் சண்டை போட்டுப் படித்தன. உங்கள் அச்சு எழுத்தாளருக்கு அது நடந்ததா?

2

தொடக்கங்கள்.

"காரைக்கால் கடலில் சூரியன் உதித்தான். அப்போது —"

அடித்துவிட்டேன். சூரியன் தினமும்தான் உதிக்கிறான், அவனுக்கு எதற்கு முதல் வரி?

"தாவூது சாதாரண மனிதர் அல்லர்."

இதையும் அடித்தேன். அதை நீங்கள் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது.

"தாவூது கைலியை மடித்துக் கட்டினார். பச்சை பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார். கடல்மேல் நடந்து போனார்."

இது நின்றது. இன்றைக்கும் அந்த மூன்று வாக்கியங்களைத் திரும்பப் படித்தால் எனக்கு மார்பு விரிகிறது. தாவூதுக்கு ஊரார் வைத்த பெயர் கடல்மிதித்தான். புயலில் தத்தளிக்கும் கப்பலை நங்கூரச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். வேலை முடிந்ததும் கைலியை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்.

[ஒரு குறிப்பு: கடல்மேல் நடந்தால் கால் நனையுமா என்று நான்கு வீடுகளிலிருந்து கேட்டார்கள். கணுக்கால் வரை நனையும்.]

3

நாயகனுக்கு ஏற்ற வில்லன் வேண்டும். நித்திரைச் சித்தனைக் கொண்டுவந்தேன். அடித்தால் தாவூது திருப்பி அடிப்பார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தூங்கவைத்தான். மண்டபத்தூர்ப் படகுகள் நாற்பது புயலில் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்துத் தாவூதின் கண்ணை மூடி, உள்ளே ஒரு கனவுக் காரைக்காலைக் கட்டி, அவரை அதில் குடிவைத்துவிட்டான்.

அந்த அத்தியாயம் என் தலைசிறந்த அத்தியாயம் என்று அப்போது நினைத்தேன். கனவு ஊரில் சுங்கச் சாவடி கிடையாது. இந்திய எல்லையான நண்டலாறு தாண்டினாலும் யாரும் மூட்டையை அவிழ்க்கச் சொல்வதில்லை. கடல் குளம் மாதிரி படுத்திருந்தது. சைகோன், பினாங்கு என்று பிழைக்கப் போன ஆண்கள் எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். தாவூது தன் வீட்டில், தன் உம்மா பரிமாற, மனைவி பக்கத்தில் நின்று விசிற, இறால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை, ஒரு கவலையும் இல்லை. நானே அந்த ஊருக்குக் குடிபோயிருப்பேன்.

சிக்கல் அங்கேதான். அவ்வளவு நன்றாகக் கட்டிவிட்டேன். வெளியே வர வழி வைக்கவில்லை.

"தாவூது கண் விழித்தபோது —"

விழிக்கவில்லை. அடுத்த மாதமும் அதே வரியில் நின்றேன். தாவூது சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

4

முதலில் என்னைப் பிடித்தவள் கல்யாணசுந்தரி. மண்டபத்தூரிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். என் மனைவி அவளுக்குக் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை கூடையை இறக்கியவள் கொடுவா மீனைக் காட்டவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க ஆளுவ ரெண்டு மாசமா புயல்லயே நிக்கிதுவோ. நீங்க பாட்டுக்கு அவருக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"அவர் வந்துதானேம்மா இழுக்கணும்?"

"அவரு ஏன் இழுக்கணும்? எங்க ஆம்புளைங்களுக்குக் கடல் தெரியாதா? காத்தப் பாத்துப் பாயச் சுருட்டிப்புட்டு, துடுப்புப் போட்டே வந்துருவாங்க. எழுதுங்க, நாப்பதும் வந்துருச்சுன்னு."

எழுதினேன். நாற்பது படகும் வந்து சேர்ந்தன. கல்யாணசுந்தரி அன்றைக்கு ஒரு மீன் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். மண்டபத்தூருக்கு நல்லது நடந்தது. கதைக்கு முதுகெலும்பு போயிற்று. காப்பாற்றவேண்டியவர் யாரும் இல்லாத நாயகன் கனவை விட்டு எதற்காக வரவேண்டும்?

5

இப்போது அஜீசுன்னிசா வருகிறாள். கமாலுதீனின் தங்கை. நான் அவளைப் பார்த்ததில்லை, இன்றுவரை இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் தெரியும். கணவர் ஹமீது சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார், ஊருக்கு வந்து ஏழு வருஷம். அவள் தெருவில் பதினாலு பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாள். தெருவில் ஒரு வழக்கு என்றாலும் ஒரு கல்யாணம் என்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடக்காது.

இதழை வாங்கிக்கொண்டு போக நானும் கமாலுதீனும் அங்கே போயிருந்தோம். திரை அசைந்தது. அண்ணனை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அவுககிட்ட ஒண்ணு கேளுங்க. தாவூது கனவுல யாரு வூட்டுல இருக்காரு?"

"அவர் வீட்டில்தான்" என்றேன்.

"அவருக்கு ஏது வூடு?"

கமாலுதீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குப் புரியவில்லை.

"அண்ணே, எங்கள்ல வூடு பொண்ணுக்கு. உம்மா வூடு எனக்கு, எனக்குப் பொறவு எம்மவளுக்கு. மாப்புள்ளைதான் பொண்ணு வூட்டுக்கு வருவாக. நானாவே இங்க விருந்தாளி, அவுக இருக்குறது மச்சி வூட்டுல, அவுக பொஞ்சாதி வூட்டுல. உங்க தாவூது பொஞ்சாதியக் கொண்டாந்து உம்மா வூட்டுல விசிற வச்சிருக்காரு. அது எந்த ஊரு?"

பன்னிரண்டு வருஷமாக அவர்கள் கல்யாணங்களைப் பதிவு செய்கிறேன். மாப்பிள்ளையின் புதிய விலாசத்தை என் கையாலேயே எழுதுகிறேன். கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. என் வீட்டுப் பழக்கத்தைத் தாவூதின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

வெட்கம் தெருமுனை வரைதான். அங்கே வந்ததும் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்றது. தப்பு செய்தது நான் இல்லை, நித்திரைச் சித்தன்! அவன் வெளியூர்க்காரன், காரைக்காலைக் கேள்விப்பட்டுக் கட்டியவன். கடலைச் சரியாகக் கட்டினான், தெருவைச் சரியாகக் கட்டினான், வீடு யாருடையது என்பதில் கோட்டை விட்டான். தாவூது சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்கிறார்: "நான் ஏன் இங்க இருக்கேன்? என் மாமியார் வூட்டு வாசல் எங்க?"

என் தப்பை வில்லன் தலையில் கட்டியதுபோல ஒரு சாமர்த்தியத்தை இந்தக் கரையில் வேறு எவனும் செய்ததில்லை. கமாலுதீன் அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதினான்.

6

[இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வெளியே நடந்தது. விட்டால் கதையே இல்லை.]

அடுத்த வாரம் கமாலுதீன் மேரிக்கு வந்தான், கையில் ஒரு கடுதாசி. ஹமீது எழுதியது. சைகோனில் ஆற்றைப் பார்த்த வீடு பிடித்திருக்கிறார். மின்விசிறி உண்டு, சமைக்க ஆள் உண்டு. 'நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், ராணி மாதிரி இருக்கலாம். ஊர் வீட்டைப் பூட்டி நானாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறு.'

"உன் கனவு அத்தியாயம் மாதிரியே இருக்குல்ல?" என்றான் கமாலுதீன். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"பிறப்புச் சான்று, நிக்காஹ் சான்று ரெண்டும் எழுதிக் குடு. புருஷன் கூப்புடும்போது போவாம இருக்க முடியுமா?"

"தங்கச்சி என்ன சொல்லுது?"

"அவகிட்ட என்ன கேக்குறது."

பதிவேட்டை எடுத்தேன். அவள் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தேன். பேனா ஓடவில்லை. பதினாலு பிள்ளைகள் ஓதும் வீடு பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தபோது, தாவூதை அந்த ஊருக்குள் அடைத்தவன் நான்தான் என்பது உறைத்தது. பெண்களுக்கு வேலை இல்லை, கவலை இல்லை என்று எவ்வளவு ரசித்து எழுதியிருந்தேன்!

7

சான்றை எழுதாமல், கதையின் முடிவுகளை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று எழுதியிருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். கமாலுதீன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

முதல் முடிவு: தாவூது கனவின் சுவரைக் குத்தி உடைக்கிறார்.

இரண்டாவது: எங்கோ மனைவி அழும் குரல் கேட்டு விழிக்கிறார்.

மூன்றாவது: கனவு என்று தெரிந்தும், சுகமாக இருக்கிறதே என்று அங்கேயே தங்கிவிடுகிறார்.

பிறகு குரல் வந்தது.

"மூணும் வாணாம்ணே. கனவுக்கு ஏது சுவரு, ஒடைக்கிறதுக்கு? ரெண்டாவதுல பொஞ்சாதி அழுவுறாங்கறீங்க. ஏழு வருசமா இந்த வூட்டுல அழுவுற சத்தத்த நீங்க கேட்டீங்களா? நாங்க எப்பண்ணே அழுதோம்?"

"மூணாவது?"

"அது சைகோன்லேந்து வந்த அவுக கடுதாசி. நான் படிச்சாச்சு."

கமாலுதீன் கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அப்ப தாவூது எதுக்காகத்தாம்மா வெளியில வருவாரு? படகும் கரைக்கு வந்துருச்சு, கூப்புடவும் ஆள் இல்ல" என்றேன்.

"அடுத்தவன் கட்டிக் குடுத்த ஊர்ல நான் எதுக்கு இருக்கணும்னு வருவாரு. எவ்வளவு நல்ல ஊரா இருந்தா என்ன? அதுக்குப் பலம் வாணாம்ணே. ரோசம் இருந்தாப் போதும்."

தாவூதுக்கு நான் கொடுத்த பலம் கொஞ்சமா? கப்பலை இழுக்கிற கை, கடலை மிதிக்கிற கால். இதை மட்டும் கொடுக்க மறந்திருந்தேன்.

"நானா, நீங்களும் கேட்டுக்குங்க" என்றாள். "எனக்குச் சான்று வாணாம். அவுகளுக்கு ஒண்ணு எழுதச் சொல்லுங்க. காரைக்கால்ல அவுகளுக்கு ஒரு வூடு இருக்குன்னு. வந்தா இங்க வரட்டும். வாசல் தொறந்துதான் இருக்கு. நான் வாசல விட்டுப் போறதா இல்ல."

"ஏழு வருசங் கழிச்சுக் கூப்புடுறாரு. வராமப் போயிட்டா?" என்றான் கமாலுதீன்.

"அத நான் யோசிக்காமலா சொல்றேன்? வரலன்னா வரல. பிள்ளைங்க ஓத வர்ற நேரம், நீங்க டீயக் குடிச்சிட்டுப் போங்க."

8

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவருக்கு ஊரில் விலாசம் உண்டு என்று காட்ட எங்கள் அலுவலகத்தில் ஒரு சான்று கொடுப்போம். ஒற்றைத் தாள், பிரெஞ்சில் எழுத வேண்டும். வீட்டின் தலைவர் என்று அதில் ஒரு கட்டம். தகப்பன் பெயரோ கணவன் பெயரோ அண்ணன் பெயரோ எழுதுவது வழக்கம். என் கை பன்னிரண்டு வருஷமாக வேறெதையும் எழுதியதில்லை.

அஜீசுன்னிசா என்று எழுதினேன்.

பெரிய குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னய்யா இது, பொம்பள பேராச்சே?"

"வீடு அவங்களுதுங்க."

"அண்ணன் இருக்கானே?"

"அவரு விருந்தாளிங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினேன். கமாலுதீன் வாங்கிப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். "கையெழுத்து சுமாரு. வரி நல்லா இருக்கு" என்றான். நான் இதுவரை எழுதியதில் அதுதான் சிறந்த வரி. கடல்மேல் நடந்த மூன்று வாக்கியங்களும் அதற்குப் பிறகுதான்.

9

சான்று கப்பலேறிப் போயிற்று. மறு வருஷம் கொடி மாறியது, சுங்கச் சாவடி போயிற்று. கனவில் நான் கட்டிய ஊரில் பாதி தானாகவே நிஜமாகிவிட்டது, இதற்கு நான் பெருமை கேட்கப்போவதில்லை.

ஹமீது வந்தாரா? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். வந்தார் என்றால், அவர் வந்ததால்தான் அவள் செய்தது சரி என்பீர்கள். வரவில்லை என்றால் ஐயோ பாவம் என்பீர்கள். அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்ல இந்தக் கதையில் ஒருவருக்கும் இடம் கொடுக்க மாட்டேன், உங்களுக்கும்தான். வாசலை விட்டுப் போவதில்லை என்று அவள் சொன்ன நிமிஷமே அவள் சொன்னது சரி.

தாவூது மட்டும் பாக்கி. கனவு ஊரின் நடுத்தெருவில் நிற்கிறார். இறால் சோறு மணக்கிறது. எல்லாரும் இருங்கள் இருங்கள் என்கிறார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை, யாரும் அழவில்லை, வெளியே அவருக்காக ஒரு படகும் காத்திருக்கவில்லை. அவரிடம் ரோசம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கொடுத்தால் அது என்னுடையதாகிவிடும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள், உங்களிடம் இருப்பதில் கொஞ்சம் அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். எழுந்து வருகிறாரா என்று அப்போது தெரிந்துவிடும், உங்களைப் பற்றியும்.