அழைப்பிதழில் முதல் பெயர் கெம்பி

மாரண்டஹள்ளி மாது, தங்கை மகள் பிரியதர்ஷினியின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னது முகூர்த்தத்துக்கு ஆறு நாள் முன்பு. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்த வகையறாவில் தாலி ஏறாது. போனில் வந்த அழைப்பிதழிலோ அவர் பெயர் இல்லை.

மாதுவின் தங்கை காவேரி, பக்கத்து வீடு என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினாள். அழைப்பிதழை இணையப் பக்கமாகச் செய்துகொடுத்த நவநீதனின் கம்ப்யூட்டர் கடை அங்கேதான்.

"எங்கண்ணன் பேரை எங்கடா முழுங்குன?"

"முதல் பேரே அவருதாங்க்கா. பட்டியல்ல பாருங்க."

பட்டியலில் இருந்தது. பக்கத்தில் இல்லை. நாற்பது பேருக்கு நாற்பது வரி எழுதுகிற ஆள் இல்லை நவநீதன். ஒரே வரிதான் எழுதுவான். பட்டியலில் இருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து அந்த வரியில் வை என்று சொல்லிவிட்டால், கடைசிப் பெயர் வரை சுற்று தானே ஓடும். கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுமாம். இவன் ஒன்றிலிருந்து ஓடவிட்டிருக்கிறான். முதல் ஆள் காலி.

அதை எந்த இடத்தில் திருத்துவது என்று தேட ஆரம்பித்தான். எங்களுக்கு பஸ் போய்விடும்.

"மாதுக்கு மேல இன்னொரு பேரைப் போடு. அதை முழுங்கிட்டுப் போவட்டும்" என்றேன்.

"யாரு பேருங்க?"

மனிதர் பெயர் என்றால் அவர் நாளைக்குச் சண்டைக்கு வருவார். காவேரி வீட்டுப் பசுவின் பெயரைச் சொன்னேன். கெம்பி. அது மறைந்தது, மாது தெரிந்தார். சமாதானமும் ஆனார்.

நவநீதன் ரோஷக்காரன். மறுநாளே பிழையைக் கண்டுபிடித்துச் சுற்றைப் பூஜ்ஜியத்திலிருந்து ஓடவிட்டான். பட்டியலில் கெம்பி இருப்பதை மறந்துபோனான். எல்லார் போனிலும் அதே பக்கம்தானே? தங்கள் நல்வரவை விரும்பும் கெம்பி. அதற்குக் கீழே மாது.

அன்றைக்கே மாது கூப்பிட்டார். "யாரும்மா அது, எனக்கு மேல?"

காவேரி கையிலிருந்து போனை நான் வாங்கினேன். "ரொம்ப வேண்டியவங்க. அவங்க இல்லீன்னா இந்த வூட்டுல காப்பியே கெடையாதுங்க."

"அப்ப மண்டபத்துல முதல்ல அவங்களைப் பாக்கறேன். அப்புறந்தான் மாலை."

முகூர்த்தத்தன்று கெம்பியைக் குளிப்பாட்டி, மினி லாரியில் ஏற்றி வந்து, நான்கு நாற்காலிகளை எடுத்துவிட்டு முன்வரிசையில் நிறுத்தினோம். வாசல் வாழைமரத்தை வரும்போதே தின்றுவிட்டது. அழைப்பிதழில் இருந்த மற்றவர்கள் வரிசை மாறாமல் அதன் பின்னால் உட்கார்ந்தார்கள்.

மாது வந்தார். மேலும் கீழும் பார்த்தார். வலது காதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது நான் பொங்கச் சீராக் குடுத்த கன்னுல்ல?"

"ஆமாண்ணா" என்றாள் காவேரி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அப்ப நம்ம வூட்டு ஆளு. முன்னாடியே இருக்கட்டும்."

மாலையை எடுத்து நீட்டினார். கெம்பி வாய்க்கு எட்டியது போக மீதி மாப்பிள்ளை கழுத்தில் விழுந்தது.