மாதவியின் பெயரில் உள்ளே

தனலெட்சுமி தினமும் காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதலில் தட்டுவது இன்னொருத்தியின் பெயரை. கணினி கேட்கும் இடத்தில் மாதவி என்று போட வேண்டும். அதன் கீழே மாதவி விட்டுப்போன பாஸ்வேர்ட். உடனே திரையின் மூலையில் 'வெல்கம், மாதவி' என்று வரும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அன்றைய வேலையைத் தொடங்குவாள்.

லாபு பக்கம் உள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மாதவி கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவள். நீலாயில் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு ராசா என்ற ஊரிலிருந்து வந்தவள் தனலெட்சுமி; இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வந்த வாரமே தன் பெயரில் ஓர் ஐடி வேண்டும் என்று மெனேஜர் ரவிச்சந்திரனிடம் கேட்டாள்.

"கே.எல். தலைமை ஆபீசுக்கு எழுதணும், அவுங்க ஃபாரம் அனுப்புவாங்க, ரொம்ப லேட்டாகும்லா. அதான் மாதவி ஐடி இருக்கே, அதுலயே போடுங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து பனங்குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லாரியின் சீட்டிலும் 'தயாரித்தவர்: மாதவி' என்றே அச்சானது. ஆலையிலிருந்து போன் வந்தால், "மாதவியா?" என்று ஆரம்பிப்பார்கள். மேசை இழுப்பறையின் மூலையில் மாதவியின் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. தனலெட்சுமி அதை ஒருமுறை குப்பையில் போட்டாள். மறுநாள் ஆபீஸ் கூட்ட வந்த அம்மாள், "மாதவி கிராணி ஊசியாச்சே" என்று எடுத்துத் திரும்ப வைத்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் பெயர்கள் லேசில் போவதில்லை. ஆற்றோரத்துச் செம்பனைக் காட்டுக்கு முனியாண்டி காடு என்று பெயர். அங்கே வெட்டு ஆள்களை மேற்பார்த்த மண்டோர் முனியாண்டி செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. செத்தவன் பெயர் காட்டின்மேல் இருப்பது தனலெட்சுமியை ஒன்றும் செய்யவில்லை. நல்ல சம்பளத்துக்குக் குளுகுளு ஏர்கோன் ஆபீஸ் தேடிப் போனவளின் பெயர் தன் உழைப்பின்மேல் இருப்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இந்த நிலையில் கே.எல். தலைமை ஆபீசிலிருந்து தகவல் வந்தது. கம்பெனியின் தோட்டங்களில் குலைக் கணக்கு ஆலைக் கணக்கோடு பிசகாமல் ஒத்துப்போனது இந்தத் தோட்டத்தில்தானாம். போர்ட்டிக்சனில் விருந்து வைத்து, கிராணியை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். கிராணியின் பெயர் மாதவி என்றிருந்தது.

"பாத்தீங்களா கூத்த? போனவளுக்குப் பரிசு!" என்று ரவிச்சந்திரன் சிரித்தார்.

தனலெட்சுமி சிரிக்கவில்லை.

"சரி சரி, மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. தப்பு என்மேலதான். அந்த ஐடிய அப்பவே மூடியிருக்கணும். உங்க ஐடி இப்பதான் வந்திருக்கு, மாதவியோடத இன்னிக்கே மூடிருங்க. அப்புறம் கே.எல்.லுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. பேருதான் மாதவி, வேலை பூரா நான்தான் பாத்தேன்னு. நான் சைன் வைக்கிறேன். உங்கள நிரந்தரமாக்கச் சொல்றதுக்கும் அது நல்லது."

"எழுதலன்னா?"

"ரெண்டாவதா வந்த சுவா தோட்டத்துக்குக் குடுத்துருவாங்க."

தனலெட்சுமி தன் மேசைக்கு வந்தாள். மேடையில் தன் பெயரைக் கூப்பிடுவதும், அந்தப் படம் நீலாயில் ஒருத்தியின் போனில் போய் விழுவதும் அவள் மனக்கண்ணில் ஓடின. மத்தியானம் ஆகியும் சாப்பிடப் போகவில்லை. கடைசி முறையாக மாதவி என்று தட்டி உள்ளே போனாள்.

'இந்தப் பயனர் வேறொரு கணினியிலும் உள்ளே இருக்கிறார். தொடரலாமா?' என்று ஒரு பெட்டி வந்தது.

சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம் இந்தப் பெட்டி வரும். மெனேஜர் அறைக் கணினியாக இருக்கும் என்று 'ஆம்' போட்டுவிடுவாள். இன்று மெனேஜர் காட்டுக்குப் போயிருந்தார். அவர் அறை பூட்டிக் கிடந்தது. 'ஆம்' போட்டுக் காலையில் தான் பதிந்த பக்கத்தைத் திறந்தாள். முதல் லாரிக்கு நேரே அவள் போட்டிருந்த காடும் குலை வெட்டிய தேதியும் இல்லை. வேறு காடு, நேற்றைய தேதி.

போனை எடுத்து மாதவியை அழைத்தாள்.

"அக்கா, தனலெட்சுமி பேசறேன். தோட்டத்துலேர்ந்து."

"ஆ, தனாவா! என்னாலா, என்னைய வெளிய தள்ளிட்டு நீ உள்ள வந்துட்ட போல?" மாதவியின் பின்னால் கிடங்கு வண்டிகள் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தன.

"நீங்க இன்னமும் உள்ள வர்றீங்களா?"

"சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் எட்டிப் பாப்பேன். கோவிச்சுக்காத. சீட்டுல என் பேருல்ல போகுது? என் பேர்ல தப்பாப் போனா ஆலைக்காரன் யாரைப் பாத்துச் சிரிப்பான்?"

"அப்படி என்ன தப்பப் பாத்துட்டீங்க?"

"மத்ததெல்லாம் சுத்தமாத்தான் போடற. அந்த மொத லாரியத்தான் ஒருநாளும் பாக்க மாட்டேங்கற."

முதல் லாரியில் என்ன என்ற கேள்வி தனலெட்சுமியின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் இவளிடம் பாடம் படித்த மாதிரி ஆகிவிடும். "இங்க வேலைய விட்டுப் போனவங்க வந்து பாக்கவேண்டிய அவசியம் இல்லக்கா. ஐடிய இன்னிக்கு மூடறோம்" என்றாள்.

பீப் சத்தம் தள்ளிப் போனது. பிறகு மாதவி சொன்னாள்: "மூடு. இங்க என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது தனா. நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. அங்கயாச்சும் இருந்துச்சு."

அதைக் கேட்டு இரக்கப்பட வேண்டும் என்று தனலெட்சுமிக்குத் தெரிந்தது. இரக்கம் வரவில்லை. போன பிறகும் ஒருத்திக்குப் போக மனமில்லாத இடம் இது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவள் தான். ஆனாலும் ஜெயித்தது மாதவிதான் என்றே தோன்றியது.

கணினி இரண்டு வழி காட்டியது: கணக்கை முடக்கலாம், அல்லது அடியோடு நீக்கலாம். நீக்கினால் பழைய சீட்டுகளிலிருந்தும் பெயர் போய்விடும் என்று எச்சரித்தது. விரல் 'நீக்கு' என்பதன்மேல் போய் நின்றது. மாதவி போனால், அந்தப் பெயருக்குள் கிடக்கும் தன் ஒரு வருடமும் யார் செய்தது என்றில்லாமல் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு 'முடக்கு' என்பதை அழுத்தினாள். பாக்கி வேலைகளை யாருக்கு மாற்றுவது என்று கேட்டதற்குத் தன் பெயரைக் கொடுத்தாள்.

கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். வேலை பூரா நான்தான் பார்த்தேன் என்று எழுதினால், நீலாயில் ஒருத்தி வாய்விட்டுச் சிரிப்பாள். உள்ளதை உள்ளபடி எழுதினால், மேடையில் அவள் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். மாலையில் மெனேஜர் திரும்பியதும், "கடிதம் வேணாம் சார். சுவாவுக்கே போகட்டும்" என்றாள்.

"உங்களுக்கு என்னாச்சும்மா? நிரந்தரமாக்கறது தள்ளிப் போகுமே?"

"போகட்டும் சார். இனிமே என் பேர்ல காட்டறேன்."

மறுநாள் காலை தனலெட்சுமி என்று தட்டி உள்ளே போனாள். 'வெல்கம், தனலெட்சுமி' என்று வந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டோர் இராஜமாணிக்கம் அனுப்பிய விவரத்தை வரிசையாகப் பதிந்து சீட்டுகளை அனுப்பினாள். மாலையில் ஒரு சீட்டு மட்டும் ஆலையிலிருந்து சிவப்பாகத் திரும்பி வந்தது. முதல் லாரி. 'குலை இன்று வெட்டியது அல்ல. தயாரித்தவர்: தனலெட்சுமி.'

அவள் மண்டோருக்குப் போன் செய்தாள். "மண்டோர், இன்னிக்கு மொத லாரி எந்தக் காடு?"

"மொத லாரியா? அது நேத்து வெட்டுன குலைதான, கிராணியம்மா! சாயங்காலம் கடைசி லாரியில ஏத்த முடியாம ரோட்டோரம் தூங்குன குலை. காலையில அதத்தான மொதல்ல ஏத்துவோம். நேத்து முனியாண்டி காடு."

"எல்லா நாளும் அப்படியா?"

"எல்லா நாளும் அப்படித்தான். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே, கிராணியம்மா."

"மாதவிக்கு மட்டும் யார் சொன்னா?"

"அவங்க வந்த மொத நாளே கேட்டாங்க" என்றார் இராஜமாணிக்கம்.

தனலெட்சுமி போனை வைத்துவிட்டுச் சிவப்புச் சீட்டைத் திறந்தாள்.

முனியாண்டி காடு என்றும் நேற்றைய தேதி என்றும் மாற்றிச் சீட்டை மறுபடி அனுப்பினாள். தயாரித்தவர், தனலெட்சுமி. அதற்குக் கீழேயே திருத்தியவர், தனலெட்சுமி. ஒரு வருடம் ஏங்கிய பெயர் ஒரே சீட்டில் இரண்டு முறை வந்திருந்தது.