வெறுங்காலில் ஐம்பத்திரண்டு

பிசியோ மறுபடி கூட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. ஆறு மாதத்துக்கு முன்பும் அதே ஐம்பத்திரண்டுதான். மூளை வாதம் உள்ள பிள்ளைகள் உருளுவது, உட்காருவது, தவழுவது, நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். இதில் தாட்சண்யம் பார்க்க முடியாது. கூட்டுத்தொகை ஏறவில்லை என்றால், வாரம் இரண்டு நாள் கிடைக்கும் பயிற்சி, வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அந்த விதியை எழுதிய மகானுபாவர் ஒரு நாளாவது இந்தப் பாயில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

"ஏறலம்மா," என்றார் பிசியோ.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "வீட்ல நிக்கிறாளே!" ஐந்து வயது மகளின் பக்கம் திரும்பினாள். "இங்க வந்து மட்டும் ஏன்டி மானத்த வாங்குற? ஒழுங்கா நின்னா என்ன?"

எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தப் பெண் தன் வெறுங்காலைப் பார்த்தாள். "இன்னைக்கு ஷூ போடலையே. போன தடவ மார்க் போட்டப்ப சிவப்பு ஷூ போட்டுக்கிட்டுத்தானே நின்னேன்? அழகா இருக்குன்னு நீங்ககூட சொன்னீங்களேக்கா."

பிசியோ பேனாவைக் கீழே வைத்தார். பழைய தாளைப் புரட்டினார். ஷூவும் கணுக்காலைப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும் போட்டிருந்தால் குறிக்க வேண்டிய கட்டம் காலி. அழகு பார்த்த ஜோரில், கழற்றாமலே அளந்து வெறுங்கால் கணக்கில் எழுதியிருக்கிறார். பத்து வருட அனுபவமாம், வெங்காயம்! தாளை மூடிவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது.

மூடவில்லை. "ஷூவ எடுத்து மாட்டுங்கம்மா."

ஷூவோடு அளந்ததில் அறுபத்தொன்று. கைபிடிக்காமல் இருபது வினாடி நின்றவள், இருபத்தொன்றில் சிரிப்பு தாங்காமல் பாயில் விழுந்தாள்.

"தப்பு என் மேலதாம்மா," என்றார் பிசியோ. "அன்னைக்கு ஷூவோட வாங்கின மார்க்க இன்னைக்கு வெறுங்கால்லயே வாங்கிட்டா." இரண்டு மதிப்பெண்ணையும் எழுதி, கீழே 'போன முறை குறிக்காதது என் தவறு' என்று கையெழுத்துப் போட்டார். மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா தாளை எட்டிப் பார்த்தாள். "அப்ப இவ ஒழுங்காத்தான் நின்னாளா?"

"ஆமாம்மா."

வாலு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என்னைத் திட்டினல்ல? அதையும் எழுதச் சொல்லு."

அம்மா பாயில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி, மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.