லேப்டாப்புக்குத் தைத்த சட்டை

எங்கள் வீட்டில் உடுப்பில்லாத சாமான் கிடையாது. மிக்ஸிக்குப் பூப்போட்ட உறை, வாஷிங் மெஷினுக்கு ரெக்சின், கேஸ் சிலிண்டருக்கு மூன்றடுக்கு ஃப்ரில் வைத்த பாவாடை. எல்லாம் நான் தைத்ததுதான். "இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் ரெடிமேடு" என்பார் என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி. மஞ்சக்குப்பத்தில் ஜெயராணி டெய்லர் என்றால் தெரியாதவர்கள் இல்லை. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தால், சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் இஞ்ச் டேப்பைத்தானே எடுப்பாள்?

லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவர் கார்த்திகேசன், என் மகள் சிந்துஜாவின் கணவர். சிதம்பரத்தில் பாங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று இவள் நின்றாள். சர்ச்சில் கல்யாணம் இல்லை என்றதும் நான் மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு பேசினேன். அவரோடும் பேசினேன். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தைதான் வாயில் வரவில்லை. 'அவரு', 'சிந்துஜா வீட்டுக்காரரு', நேரில் வந்தால் 'இந்தாங்க' என்றே ஓட்டிவிட்டேன். அவரோ வாய் நிறைய அத்தை, அத்தை என்பார்.

ஆன்லைனில் பிளவுஸ் கட்டிங் வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று சிந்துஜாவிடம் சொன்னேன். அந்த வாரமே அவர் லேப்டாப்போடு வந்து நின்றார். எனக்காக அவர் கொடுத்த முதல் பொருள் அது. அவர் பஸ் ஏறியதுமே தைக்க உட்கார்ந்தேன். வெளியே மெரூன் ரெக்சின், உள்ளே ஃபோம், ஓரமெல்லாம் சாட்டின் லேஸ். திரையும் கீபோர்டும் தவிர ஒரு இஞ்ச் வெளியே தெரியாது. உறவில் யார் பாத்திரம் கொடுத்தாலும் விளிம்பில் அவர்கள் பேரை வெட்டி வைப்பது எங்கள் வழக்கம். லேப்டாப்பில் வெட்ட முடியுமா? உறையின் பின் விளிம்பில் மஞ்சள் நூலால் எம்ப்ராய்டரி போட்டேன்: 'மாப்பிள்ளை கார்த்திகேசன் அன்பளிப்பு'. வாய்க்கு வராதது கைக்கு வந்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டதும் அவர் ஏழு கும்பிடு அனுப்பினார்.

நாலாம் நாள் ஆரம்பித்தது சத்தம். முதலில் 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. பிறகு 'கிர்ர்ர்... டிக் டிக் டிக்'. அடியில் கை வைத்தால் சுட்டது. அதை வைத்தே துணிக்கு அயர்ன் போட்டிருக்கலாம். வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தேன். கைக்குழிக்கு அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருபத்திரண்டு பெண்கள் காத்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். என் பேட்டர்ன் பேப்பரெல்லாம் பறந்து தெருவுக்குப் போனது. "பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சி எடுக்கலாமா?" என்று தயிருக்குப் பக்கத்தில் இடம்கூடப் பார்த்துவிட்டார்.

"சும்மா இருங்க. பழச பாலிஷ் போட்டுப் புதுசுன்னு நம்ம தலைல கட்டிட்டாரு" என்றேன்.

"போன் பண்ணிக் கேளேன்."

"என்னான்னு கேக்கறது? குடுத்தத கொறை சொல்றாங்கன்னு நெனைக்க மாட்டாரா?"

எனக்குக் கோபம் வந்தால் யோசனை நின்றுவிடும். பழசுதான் என்று ருசுவானால் அந்தப் பேரை நூல் நூலாகப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். லேப்டாப் என் மடியில். புதுச்சத்திரம் தாண்டும்வரை கேட்கவேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்தேன்.

மகள் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. கையில் சாட்சி வேண்டுமே. மேலவீதியில் ஒரு சர்வீஸ் கடையில் நுழைந்தேன். பவானி என்ற பெண் இருந்தாள். உறையின் பட்டன்களைப் பட்பட்டென்று கழற்றி, அதை ஓரமாக வைத்து, லேப்டாப்பை ஆன் செய்தாள். அரைமணி நேரம் ஓடியது. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. பால் குடித்த குழந்தை மாதிரி கிடந்தது.

"பஸ்ல குலுங்குனதுல சரியாயிடுச்சாம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி, இது அடியில காத்த இழுத்து, பின்னால சூட்ட வெளிய தள்ளும். நீங்க ரெண்டையும் மூடி ஸ்வெட்டர் மாட்டியிருக்கீங்க. இங்க பாருங்க, இந்த மஞ்ச நூலோட வால் உள்ள போயி ஃபேன்ல அடிச்சிருக்கு. அதான் டிக் டிக்."

"அப்ப பழசு இல்லியா?"

"ஒரு ஸ்க்ரூகூட யாரும் தொடல. புத்தம் புதுசு ஆன்ட்டி."

வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. எனக்குக் காது மடல்வரை சுட்டது. நான் போட்ட பேர்தான் லேப்டாப்பின் மூச்சை அடைத்திருக்கிறது. பழியோ அந்தப் பேருக்கு உரியவர்மேல்.

மகள் வீட்டில் கதவைத் திறந்ததே அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "அத்தை, மாமா காலைலயே போன்ல சொன்னாரு. பீஸ் சரியில்ல போல. தப்பு என்னுதுதான். நான் வேற மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

"பீஸ் நல்லாத்தான் இருக்குது. உறைதான் கோளாறு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சமையலறையிலிருந்து சிந்துஜா எட்டிப் பார்த்தாள். "அவருக்கு போட்டோ பாத்த அன்னிக்கே தெரியும்மா. சொல்லுங்கன்னு நானும் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா அந்த எடத்த வெட்டணுமே அத்தை." என் கையிலிருந்த உறையின் மஞ்சள் எழுத்தை விரலால் தடவினார். "ரெண்டு வருஷத்துல நம்ம வீட்ல என்னை மாப்பிள்ளன்னு சொன்னது அந்த உறை ஒண்ணுதான். அத எப்படி வெட்டச் சொல்றது? அதுக்கு லேப்டாப்பையே மாத்திடலாம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தேன்.

"வீட்ல நல்ல கத்திரி இருக்குதா, மாப்ள?"

வீட்டுக்காரர் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். சிந்துஜா ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே போனார். கத்திரியைத் தேட அவ்வளவு நேரம் ஆகாது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அடிப்பாகத்தையும் பின் விளிம்பையும் வெட்டி எறிந்தேன். மூடிக்கு மட்டும் உறையை விட்டு, அதன் நடுவில், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் பேரைப் போட்டேன். நூலின் வாலை மூன்று முடிச்சுப் போட்டு நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அங்கிருந்தே எடுத்தேன். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். லேப்டாப் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை எனக்கு எதிரே நாற்காலி போட்டு, ஒன்றரை மணி நேரமும் நகராமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் மூடியில் இருக்கும் பேர் தெரியும்.